வெண்ணெய் ஜாடியின் விளிம்பு

புதிதாக வெள்ளையடித்த வீட்டைப் பார்க்க நாத்தனார் வருகிறார் என்று தெரிந்ததிலிருந்து பல்லுக்காரிக்கு இருப்புக் கொள்ளவில்லை. பழம்பொருள் கடை வைத்திருக்கும் அந்த அம்மாளுக்கு, எதைப் பார்த்தாலும் ஒரு நொட்டை சொல்லாவிட்டால் தூக்கம் வராது. அவர் வாயால், நாலு பேர் முன்னால், ஒரே ஒரு தடவை 'நல்லா செஞ்சிருக்கே' என்று கேட்டுவிட வேண்டும். பல்லுக்காரியின் ஆசை அவ்வளவுதான்.

பல் மருத்துவமனையின் பின்னறையில் இருபது வருடமாக ஊராருக்குப் பல் செய்கிறாள். அந்த வேலையில் ஒரு சங்கடம் உண்டு. நன்றாகச் செய்தால் செய்ததே யாருக்கும் தெரியாது.

இந்த வீட்டிலாவது தெரியட்டும் என்றுதான் கூடத்தில் ஆறு ஜாடிகளை வைத்திருந்தாள். நூறு வருடத்துக்கு முன் பிரெஞ்சுக்காரர்கள் வெண்ணெயும் கடுகு விழுதும் போட்டுப் புழங்கிய கனத்த ஜாடிகள். சூளையில் உப்பு வீசிச் சுட்டதால் மேலெல்லாம் ஆரஞ்சுத் தோல் போலப் புள்ளி புள்ளியாக இருக்கும். ஜாடிகளின் சாம்பல் நிறம் எடுப்பாகத் தெரிய வேண்டுமென்று, புருஷன் கேட்ட பச்சையைத் தள்ளிவிட்டுச் சுவருக்கு வெள்ளை அடிக்கவைத்தாள். சின்னது மூன்று புத்தக அலமாரியில். காய்ந்த கிளைகள் செருகிய ஜாடிகள் இரண்டு ஜன்னலோரம். நடு மேசையில் தனியாகப் பெரிய வெண்ணெய் ஜாடி.

அது நாத்தனார் தூக்கிப்போட இருந்த ஜாடி. விளிம்பில் மூன்று விரல் அகலத்துக்குப் பெயர்ந்துபோயிருந்தது. "உடைஞ்சது எங்க வச்சாலும் உடைஞ்சதுதான். அந்தப் பக்கத்தைச் சுவத்துப் பக்கமா திருப்பி வச்சுக்கோ" என்று சொல்லிக் கொடுத்தார். பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கி வந்தவள் ஐந்து ஞாயிற்றுக்கிழமை அதோடு மல்லுக்கட்டினாள். பல் செய்யும் பசையை அடுக்கடுக்காக ஏற்றி, நிறம் சேர்த்து, புள்ளிகளை ஊசி முனையால் ஒவ்வொன்றாகக் குத்தினாள். பிறகு அந்தப் பக்கத்தையே வாசலைப் பார்க்கத் திருப்பி வைத்தாள். திமிர்தான், இருக்கட்டுமே.

நாத்தனார் தன் கடைக்கு வாடிக்கையாக வரும் தம்பதியையும் கூட்டிக்கொண்டு வந்தார். உள்ளே நுழைந்ததும் அந்த மனைவி நேராகப் பெரிய ஜாடியிடம் போனார்.

"இந்த மாதிரி ஒண்ணு எனக்கும் வேணும்."

நாத்தனார் அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "நான் குடுத்த உடைஞ்ச ஜாடி எங்கம்மா?"

"அதுதான் அண்ணி இது."

நாத்தனார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு விளிம்பு முழுக்க நகத்தால் வருடினார். நகம் எங்கும் தடுக்கவில்லை. மறுபடி ஒரு சுற்று. கடைசியில், "எங்கேன்னு நீயே காட்டு" என்றார். அவள் அண்ணியின் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தாள்.

அந்த மனைவியோடு வந்த வாடிக்கையாளர், அவர் கணவர், சிரித்தார். "பல்லு செய்யறவங்க இதையா செஞ்சாங்க? சும்மா சொல்றாங்க."

பல்லுக்காரிக்கு முகம் சுருங்கிவிட்டது. அவர் வாயை அடைக்க ஒரு பல்லைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் போதும். பதினோரு வருடத்துக்கு முன் கதவில் முட்டிப் பல் போன ஒருவருக்காக ராத்திரி பகலாக உட்கார்ந்து செய்த முன்பல் அது. யாரிடமும் சொல்லக் கூடாது என்று கையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருந்தார் அந்த ஒருவர். புருஷனிடம்கூடச் சொல்லவில்லை. இன்றைக்கும் வாயைத் திறக்கவில்லை.

நாத்தனார் கண்ணாடியைக் கழற்றினார்.

"சும்மா ஒண்ணும் சொல்லலை. என் முன்பல்லுல ஒண்ணு இவ செஞ்சது. பதினோரு வருஷமாச்சு."

"அக்கா, உனக்கா?" என்றான் அருகில் நின்ற பல்லுக்காரியின் புருஷன்.

"எனக்குத்தான். என் தம்பி பொண்டாட்டி கை பட்டா, எது உடைஞ்சதுன்னு எனக்கே தெரியாது. வீட்டையும் நல்லாத்தான் செஞ்சிருக்கா."

வாடிக்கையாளர் குனிந்து பார்த்து, "எந்தப் பல்லுங்க?" என்றார்.

"கண்டுபிடிங்களேன்" என்று நாத்தனார் எல்லாப் பல்லும் தெரியச் சிரித்தார். அவர் இப்படிச் சிரித்துப் பல்லுக்காரி பார்த்ததே இல்லை. அவளுக்கு அப்போது பெருமை தாங்கவில்லை. அவர்கள் மூன்று பேரும் அந்த வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள், ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை.