ஓமனாவின் கால ஆய்வு

அமரவிளைக்கும் உதியன்குளங்கரைக்கும் நடுவே, நெடுஞ்சாலையை ஒட்டியிருந்த பால் சங்கத்தில் ஓமனா பதினேழு வருடமாக உதவிச் செயலாளர். பதினேழு வருடமும் தற்காலிகம். செயலாளர் கனகதாஸ் 1997 ஜூன் கடைசியில் ஓய்வு பெறுவார், அந்தப் பதவி தனக்குக் கிடைக்க வேண்டும் என்பதுதான் அவளுடைய ஆசை. அதை அவள் யாரிடமும் மறைத்ததில்லை. ஆனால் செயலாளருக்கு ஒரு பட்டம் வேண்டும் என்று விதி இருந்தது. கனகதாஸுக்குப் பட்டம் கிடையாது. அவர் விதி வருவதற்கு முன்பே வந்து உட்கார்ந்துவிட்டார்.

ஓமனா பாறசாலையில் தமிழ் மீடியத்தில் பத்தாம் வகுப்புவரை படித்தவள். படிப்பை விட்ட பெரியவர்களுக்குத் தபாலில் பட்டம் தரும் பல்கலைக்கழகம் ஒன்று எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில் இருந்தது. முதலில் ஓர் ஆயத்தப் படிப்பு. அதில் தேறினால் மூன்று வருடம் வணிக நிர்வாகவியல். ஒவ்வொரு பாடத்துக்கும் இரண்டு கட்டுரை எழுதி அனுப்ப வேண்டும், ஞாயிற்றுக்கிழமைகளில் மார்த்தாண்டத்துக்கு வகுப்புக்குப் போக வேண்டும், கடைசியில் ஏதாவதொரு நிறுவனத்தை ஆராய்ந்து ஐம்பது பக்கத்துக்குக் குறையாமல் அறிக்கை கொடுக்க வேண்டும். முப்பத்தேழாம் வயதில் அவள் சேர்ந்தாள். ஆட்டோ ஓட்டும் கணவன் சோமன் தடுக்கவில்லை. பாடப்புத்தகப் பார்சல் வந்த அன்று அதைக் கையில் தூக்கிப் பார்த்து, நல்ல கனம் உண்டு என்று மட்டும் சொன்னான்.

புத்தகங்களில் வந்த உதாரணமெல்லாம் கார் தொழிற்சாலைகள். காரில் நாலு தடவை ஏறியிருப்பாள், அதுவும் கல்யாணத்துக்கு. இருந்தாலும் மூன்று வருடமும் ஒரு பாடம் பாக்கியில்லாமல் எழுதித் தேறினாள். அறிக்கைக்கு மட்டும் தனக்குத் தெரிந்த இடத்தையே எடுத்துக்கொண்டாள். தலைப்பு, ‘பால் சங்கம் ஒன்றில் கால ஆய்வு’. ஒவ்வொரு ஊழியரும் எந்த வேலைக்கு எத்தனை நிமிடம் எடுக்கிறார் என்று கடிகாரத்தை வைத்துப் பார்த்து எழுதுவது.

கனகதாஸை ஒரு வாரம் பார்த்து எழுதினாள். தன்னைக் கவனிக்கிறார்கள் என்று தெரிந்ததும் அவர் பேனா மூடியைக்கூடக் கம்பீரமாகத் திறந்தார். பால் கேன் கழுவும் செல்லபாயை இன்னொரு வாரம் பார்த்தாள். எழுதி அனுப்பியது சிவப்பு மையோடு திரும்பி வந்தது. சங்கத்தில் மூன்று ஊழியர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள், மூன்றாமவர் எங்கே என்று மார்த்தாண்டத்து ஆசிரியர் கேட்டிருந்தார். மூன்றாமவர் ஓமனாதான். வேறு வழியில்லாமல் கடிகாரத்தைச் செல்லபாய் கையில் கொடுத்தாள்.

காலை ஐந்து மணிக்குச் சங்கம் திறக்கும். ஆறே முக்காலுக்கு வேன் வரும். அதற்குள் நூற்றுப் பன்னிரண்டு பேருடைய பாலை அளந்து, சோதித்து, அவரவர் புத்தகத்தில் பதிந்து கேனில் ஊற்றியாக வேண்டும். ஓமனா யாரிடமும் நம்பர் கேட்பதில்லை, முகத்தைப் பார்த்துப் பதிவாள். எல்லார் பாலிலும் லாக்டோமீட்டரைப் போடுவதுமில்லை. பாலில் தண்ணீர் கலந்திருந்தால் பாத்திரம் சாயும்போதே அவளுக்குத் தெரிந்துவிடும், சந்தேகம் வந்தால்தான் கருவியை எடுப்பாள்.

நிமிடங்களை எழுதினால் மட்டும் போதாது. ஆள் எவ்வளவு வேகம் என்று ஒரு மதிப்பெண்ணும் போட வேண்டும். சாதாரண ஆளுக்கு நூறு. அவரைவிட வேகமானவருக்கு நூறுக்கு மேல், மந்தமானவருக்குக் கீழ். அந்த எண்ணால் பெருக்கி நூறால் வகுத்தால், அதே வேலைக்குச் சாதாரண ஆள் எவ்வளவு நேரம் எடுப்பார் என்று வரும். கனகதாஸுக்கு மரியாதைக்காக நூற்றுப்பத்து போட்டிருந்தாள்.

“நீ நூத்தி அம்பது போடு மக்கா,” என்றாள் செல்லபாய். “ஒனக்க கை போற வேகத்துக்கு பாத்துட்டு இருந்த எனக்காக்கும் தல சுத்துனது.”

“எனக்கு நானே மார்க்கு போடதா அக்கா? வாசிக்குதவங்க என்ன நெனைப்பாவ?”

நூறு போடலாமா என்று யோசித்தாள். நூறு என்றால் பள்ளிக்கூடத்தில் முழு மதிப்பெண். மீன்கறி நன்றாக இருக்கிறது என்று யாராவது சொன்னால், உப்பு ஒரு கல் கூடிப்போச்சு என்று பதில் சொல்லும் ஊர் இது. இங்கே ஒரு பெண் தனக்குத் தானே முழு மதிப்பெண் போட்டால் அடுத்த ஊர்வரை பேச்சு போகும். எண்பது போட்டாள். எண்பது அடக்கமாகத் தெரிந்தது.

பெருக்கினாள். அவளுடைய மூன்று மணி நேர வேலை இரண்டு மணி இருபத்துநாலு நிமிடமாகச் சுருங்கிப்போனது. செயலாளர், உதவிச் செயலாளர் இரண்டு பேருடைய வேலையையும் சாதாரணத் திறமையுள்ள ஒரே ஆள் பார்த்துவிடலாம் என்று விடை வந்தது. இரண்டு தடவை சரிபார்த்தாள். கணக்கு சரியாக இருந்தது, கடைசித் தேதி வெள்ளிக்கிழமை. நாற்பத்தோராம் பக்கத்தில் அதை எழுதிவிட்டாள்.

அறிக்கையில் சங்கத் தலைவர் தாணுமாலயன் கையெழுத்திட வேண்டும். இருபது வருடமாக எதையும் வாசிக்காமல் கையெழுத்துப் போட்டவர் அவர். ஆனால் அந்த வாரம் குளியலறையில் வழுக்கி முழங்காலில் கட்டுப் போட்டு, எங்கும் போக முடியாமல் கட்டிலில் கிடந்தார். முழுவதையும் வாசித்தார். ஓமனாவைக் கூப்பிட்டு, பிரமாதம் என்று பாராட்டி, தனக்கும் ஒரு நகல் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். வீடு போய்ச் சேரும்வரை அவளுக்குப் பெருமையாக இருந்தது.

மே மாதம் முடிவு வந்தது. பட்டம் கிடைத்துவிட்டது. அறிக்கைக்கு நூற்றுக்கு எண்பத்துநாலு. ஜூனில் நிர்வாகக் குழு கூடியது. செயலாளர் பதவிக்கு இரண்டு விண்ணப்பம், ஒன்று ஓமனாவுடையது, இன்னொன்று தாணுமாலயனின் தங்கை மகள் பிரசீதாவுடையது. பிரசீதா பி.காம். ஓமனாவுக்குப் பதினேழு வருட அனுபவம் இருக்கிறதே என்று ஒருவர் கேட்டாராம். இந்த வேலைக்கு அனுபவம் வேண்டாம், சாதாரண ஆள் போதும் என்று அவளே எழுதியிருக்கிறாள் என்று தாணுமாலயன் நாற்பத்தோராம் பக்கத்தை வாசித்துக் காட்டினார். பிரசீதா செயலாளரானாள். ஒரு ஆள் போதும் என்பதால் உதவிச் செயலாளர் பதவியையும் அதே தீர்மானத்தில் எடுத்துவிட்டார்கள்.

ஓமனா அழுதாள். தன்மேல்தான் அவளுக்கு அதிகக் கோபம். ஒருத்தி ராத்திரியும் பகலும் கண்விழித்துப் படித்து, தன்னை எப்படி வேலையைவிட்டு அனுப்பலாம் என்று ஐம்பது பக்கம் எழுதி, அதற்கு எண்பத்துநாலு மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறாள். சோமன் கழுவின ஆட்டோவையே மறுபடியும் கழுவினான்.

பிரசீதா நல்ல பெண். ஜூலை முதல் தேதி நாலரைக்கே வந்து சங்கத்தைத் திறந்தாள். ஆளாளிடம் நம்பர் கேட்டாள், நம்பர் ஞாபகம் இல்லாதவர்களுக்கு வீட்டுப்பெயரை வைத்துத் தேடினாள், சட்டப்படி எல்லார் பாலிலும் லாக்டோமீட்டரைப் போட்டாள். ஆறே முக்காலுக்கு நாற்பத்தாறாவது ஆள் நின்றுகொண்டிருந்தார். வேன்காரன் ஏழேகால்வரை பொறுத்தான். நாலாம் நாள் பொறுக்கவில்லை. மழையில் வரிசையில் நின்றவர்கள் பாலைத் திருப்பி வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். இரண்டாவது வாரம் இருபது பேர் அமரவிளையிலுள்ள டீக்கடைகளுக்கு ஊற்றத் தொடங்கினார்கள். பிரசீதாவுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது.

தாணுமாலயன் கம்பை ஊன்றிக்கொண்டு ஓமனாவின் வீட்டுக்கு வந்தார். கையில் அறிக்கையின் நகல் இருந்தது. நீ எழுதின கணக்கு தப்பு என்றார். தப்பை நம்பி மோசம் போனவரைப் போலச் சொன்னார்.

“கணக்கு சரியாக்கும் சாரே,” என்றாள் ஓமனா. “எனக்கு எண்பதுண்ணு போட்டேன் பாருங்க, அதாக்கும் பொய்யி. எனக்க வேகம் நூத்தி நாப்பது.”

சொல்லி முடித்ததும் முகம் சூடானது. தன்னைப் பற்றி இப்படி ஒரு வாக்கியத்தை அவள் வாயால் சொன்னதே இல்லை. ஆனால் சொன்ன பிறகு வானம் இடிந்து விழவில்லை. தாணுமாலயன் கம்பை மாற்றிப் பிடித்தார்.

“செரி, நாளைக்கு காலத்த வந்துரு. பழையபடி அளந்து குடு. அந்தப் பிள்ள கையெழுத்து மட்டும் போட்டுக்கிடட்டு.”

“பழைய வேல இப்போ இல்லியே சாரே. தீர்மானம் போட்டு நீங்க எடுத்தாச்சு.”

“அப்போ நான் இப்ப என்ன செய்ய?”

ஓமனா அவருக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். பிறகு தனக்கும் ஒன்றை எடுத்து எதிரே போட்டு உட்கார்ந்தாள். அவர் முன்னால் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

“ஒரு ஆளு போதும்ணு எழுதினது நான் தான். அதுல மாத்தம் ஒண்ணும் இல்ல,” என்றாள். “அந்த ஒரு ஆளு யாருண்ணு எழுதாம விட்டது எனக்க தப்பு. இப்போ எழுதித் தாறேன், போர்டு கூட்டத்துல வாசியுங்க.”