இடதுபக்கம் காட்டும் பலகை

ஷேர் ஆட்டோவை விட்டு இறங்கியதும் அமலா கண்ணில் பட்டது அந்தப் பலகைதான். மேலே மாதா படம். அதன் கீழே 'கிறித்தவத் திருப்பயணப் பாதை' என்று பெரிய எழுத்து. மலைமாதா கோயிலுக்கு இடதுபக்கம் போகச் சொல்லி ஓர் அம்புக்குறி. இடதுபக்கம் பைபாஸ் ரோடு. வலதுபக்கம்தான் காலனி, அவளுடைய தெரு.

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

ஓர் அம்புக்குறிக்கு இத்தனை கோபமா என்று கேட்கலாம். ஆரணியிலிருந்து மலைமாதா கோயிலுக்கு ஆண்டுதோறும் திருவிழாவன்று நடைப்பயணம் போகிறது. முன்னால் மாதாவின் சப்பரம், பின்னால் ஜனங்கள். சப்பரத்தைத் தூக்குவது எப்போதும் காலனிக்காரர்கள்தான். ஆனால் ஒரு காலத்தில் அது காலனிக்குள் நுழையாது. தூக்குவதற்கு அவர்கள் தோள் வேண்டும், போவதற்கு அவர்கள் தெரு வேண்டாம். அமலாவின் அப்பா காலத்தில் இதற்காகச் சண்டை நடந்தது, மண்டைகள் உடைந்தன. கடைசியில் தாசில்தார் முன்னால் பேசி, சப்பரம் வலதுபக்கம் திரும்பிக் காலனி மேடையில் இறங்கிவிட்டுத்தான் மலைக்குப் போக வேண்டும் என்று முடிவானது. அன்று முதல் அப்படித்தான் நடக்கிறது.

பலகைக்கு அடியில், கழுத்தில் அடையாள அட்டையோடு ஒரு பெண் நின்றிருந்தாள். அரசாங்கத்தின் சுற்றுலாத் திட்டத்துக்காகப் பாதையை அளக்கும் ஒரு தனியார் கம்பெனியில் வேலை பார்க்கும் இளமதி.

"ஏம்மா, இத யாரு இந்தப் பக்கம் திருப்பி வெச்சது? நாங்க சோத்தாங்கை பக்கம்ல போவோம்?"

"நாங்க எதையும் திருப்பலக்கா." இளமதி ஆர்வமாகப் போனை நீட்டினாள். "இந்த ஆப்பப் பாருங்க. எங்க அளக்குற காரு எந்த ரோட்ல போகுதோ, அது அப்படியே மேப்ல கோடா விழும். அந்தக் கோட்டு மேலதான் பலகை, லைட்டு, குடிதண்ணி, டாய்லெட் எல்லாம் வரும். கோட்டுக்கு வெளிய ஒரு பல்பு போட பணம் கிடையாது. அப்புறம் வெப்சைட்டு, வீடியோ, டூர் பஸ்ஸு, எல்லாமே இந்தக் கோடுதான்."

"வண்டிக்கு வழி சொன்னது யாரு?"

"உங்க கோயில் கமிட்டி செயலாளர்க்கா. துரைக்கண்ணு சார். கார்ல கூடவே வந்து, காலனிப் பக்கம் ரோடே இல்லன்னு சொன்னாரு."

அமலாவுக்கு முழுக் கணக்கும் விளங்கிவிட்டது. தாசில்தார் முன்னால் ஆன முடிவை மாற்ற இன்னொரு பஞ்சாயத்து கூட்ட வேண்டும், ஊர் கூடும், கேள்வி வரும். காரில் ஏறி ஒரு சுற்று சுற்றிவந்தால் கேள்வியே இல்லை. வேலையை அரசாங்கப் பலகை பார்த்துக்கொள்ளும்.

அங்கே நின்றபடியே அவருக்குப் போன் போட்டாள்.

"இன்னா சார், காலனிக்கு ரோடு இல்லியா? சப்பரம் தூக்குறவன்லாம் ஊட்டுக்குப் பறந்தா போறான்?"

"அமலாவா? ஏம்மா கத்துற. வெளிநாட்டுக்காரன்லாம் வரப் போறான். உங்க தெருவுல சாக்கடை ஓடிகினு கீது. வீடியோவுல வந்தா நம்ம பங்குக் கோயிலுக்குத்தான அசிங்கம்?"

"அந்தச் சாக்கடைய மூடணும்னாகூட, பாதை எங்க தெருவுல வந்தாத்தான் சார் துட்டு வரும்."

"பேஜார் பண்ணாத. மாதாவ வேற ஒரு நாளு உங்க தெருவுக்கு அனுப்பி வெக்கிறோம்."

"அனுப்பறீங்களா? கொரியர்லயா?"

அவர் போனை வைத்துவிட்டார்.

மறுநாள் திருவிழா. காலையில் சப்பரம் பலகை நின்ற முக்குக்கு வந்தது. விளம்பர வீடியோவுக்காகத் தலைக்கு மேலே ட்ரோன் பறந்துகொண்டிருந்தது. சப்பரத்தைத் திருப்புவதில் ஒரு முறை இருக்கிறது. வலதுபக்கம் திரும்ப வேண்டுமானால், வலதுபக்கத் தூக்குக் கொம்பைச் சுமப்பவர்கள் நின்ற இடத்திலேயே கால் மாற்ற வேண்டும். இடது கொம்புக்காரர்கள் எட்டி நடக்க வேண்டும். இடது கொம்பின் முன்னால் நிற்பவன் கால்தான் எல்லோருக்கும் கணக்கு. அங்கே நின்றவன் அமலாவின் தம்பி தென்னரசு. அவன் எட்டி வைத்தான்.

"டேய், பீச்சாங்கை பக்கம்டா! பலகை தெரியல?" துரைக்கண்ணு ஓடிவந்து, கொம்புக்கு அடியில் தோளைக் கொடுத்து இடதுபக்கம் நெட்டினார்.

தென்னரசு அக்காவைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள். அவன் குனிந்து மெல்ல வெளியே வந்தான்.

அவன் சுமந்த பாரமெல்லாம் துரைக்கண்ணு தோளில் இறங்கியது. விட்டால் மாதா சாய்ந்துவிடும், மேலே கேமரா. சப்பரம் அதற்குள் காலனிப் பக்கம் திரும்பியிருந்தது; பின்னால் இருப்பவர்கள் நடக்க நடக்க அவரும் நடந்துதான் ஆக வேண்டும். சட்டை நனைய, மூச்சு வாங்க, அதுவரை கால் வைத்தேயிராத காலனித் தெருவுக்குள் துரைக்கண்ணு மாதாவைச் சுமந்துகொண்டு வந்தார்.

"பாத்து வாங்க சார், சாக்கடை கீது," என்றது ஒரு குரல். தெருவே சிரித்தது. அமலா சிரிக்கவில்லை.

மேடையில் சப்பரம் இறங்கியது. துரைக்கண்ணு கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "ஆச்சு இல்ல? ஜெபத்தச் சொல்லி ஜல்தி தூக்குங்க. மலையில பாதர் பூசைக்கு நின்னுகினு இருப்பாரு."

ஒருவரும் தூக்கவில்லை.

போனும் கையுமாகச் சப்பரத்தோடு நடந்துவந்திருந்த இளமதியிடம் அமலா திரும்பினாள். "ஏம்மா, இந்த வழிய இப்ப மேப்ல போட முடியுமா?"

"நடந்து வந்ததெல்லாம் பதிவாகியிருக்குக்கா. ஆனா கமிட்டி ஒத்துக்கணும். சார் சரின்னு சொன்னா இன்னிக்கே மாத்திடுவேன்."

"சொல்லுங்க சார்."

"இதெல்லாம் கமிட்டி கூடிப் பேச வேண்டியதும்மா. அடுத்த வருஷம் பாக்கலாம்."

"காருல போறப்ப கமிட்டி கூடுச்சா? எங்கப்பன் மண்டை ஒடஞ்சு வாங்குன வழி சார் இது. நீங்க ஏசி போட்டுகினு போயி அழிச்சிட்டு வந்தீங்க. கமிட்டி கூடட்டும். இங்கயே கூடட்டும். அதுவரைக்கும் மாதா எங்க தெருவுலதான் இருப்பா."

"மிரட்டுறியா?"

"ஆமா சார்."

சப்பரம் தூக்குகிறவர்கள் மேடையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். நடந்துவந்த ஜனங்களும் நிழல் பார்த்து ஒவ்வொருவராக உட்கார, துரைக்கண்ணு மட்டும் வெயிலில் நின்றார். அமலா வீட்டுக்குள் போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துவந்து அவர் முன்னால் போட்டாள்.

"உக்காருங்க சார். எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்ல."