பனிப்புயலைத் துடைத்தவன்

நாற்பத்தொன்றாம் பக்கத்தைப் பார்த்ததும் எனக்குத் தலைக்கு ரத்தம் ஏறியது. பனிப்புயலைக் காணோம். மையிருட்டில் எங்கள் காமிக்ஸ் நாயகன் கேப்டன் போர்ட்டேஜ் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு சும்மா நின்றிருந்தான்.

செத்துப்போன என் நண்பன் வால்டர் வரைந்த கடைசிப் பக்கம் அது. 1975-இல், கனடாவின் விண்ணிபெக் நகரத்துப் போர்ட்டேஜ் தெருவில், ஒரு பல் டாக்டரின் மாடியில், நாங்கள் இருவரும் அந்தக் காமிக்ஸைப் போட்டோம். படம் அவன், எழுத்து நான். அமெரிக்க நாயகர்கள் தோலோடு ஒட்டிய உடையில் பறந்துகொண்டிருந்த காலம். "விண்ணிபெக் குளிர்ல எவன்டி அப்படி வெளிய வருவான்?" என்று வால்டர் எங்கள் ஆளுக்குக் காதுமூடித் தொப்பியும் முழங்கால் வரை கோட்டும் மாட்டிவிட்டான். எதிரியை அடிக்கும் முன் எங்கள் ஆள் 'மன்னிக்கணும்' என்பான். அதை எழுதி எழுதியே என் விரல் காய்த்துப்போனது. கடைசிப் பக்கத்துக்கு மட்டும் வால்டர் மூன்று நாள் எடுத்துக்கொண்டான். கறுப்பு மையின்மேல் பல் தேய்க்கும் பிரஷ்ஷால் வெள்ளைச் சாயத்தைத் தெறிக்கவிட்டான். ஒவ்வொரு புள்ளியும் காற்றடிக்கும் பக்கம் சாயவேண்டும் அவனுக்கு. மீசையெல்லாம் வெள்ளை. அந்த இதழ் அச்சேறும் முன்பே கம்பெனியை மூடிவிட்டார்கள். ஐம்பது வருடம் பீரோவில் கிடந்த பக்கத்தை ஊர் இன்றுதான் பார்க்கப்போகிறது. அவன் மனைவி ஓல்ஹாவும்தான்.

பழைய இதழ்களைத் தொகுத்த புத்தகத்தின் வெளியீட்டு விழாவுக்குப் புத்தகக் கடை வாசல்வரை வரிசை நின்றது. பதிப்பாளன் காலினை மூலைக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"பனி எங்கடா?"

"அந்த வெள்ளைப் புள்ளியா, டோரீன்? பழைய தாள்ல தூசின்னு நெனச்சு கம்ப்யூட்டர்ல சுத்தம் பண்ணிட்டோம். பளிச்சுனு இருக்குல்ல?"

"நீ எந்த ஊரு?"

"இதே ஊருதான்."

"வெளிய சொல்லாத. வருஷத்துல பாதி நாள் பனி வாரிக் கொட்டற ஊர்ல பொறந்துட்டு, பனி எது தூசி எதுன்னு தெரியல உனக்கு!"

"அடுத்த பதிப்புல பாத்துக்கலாம்."

"அதுவரைக்கும் ஓல்ஹா உயிரோட இருக்கணுமேடா."

அதற்குள் மேசையில் ஓல்ஹா அந்தப் பக்கத்தைத் திறந்துவிட்டாள். கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"டோரீன், இவன் எதுக்கு அழறான்? சாகற வரைக்கும் வால்டர் அந்தப் புயலப் பத்தித்தான் பேசினாரு. அழறான்னு சொல்லவே இல்லயே."

காலின் சிரிப்பை ஒட்டவைத்துக்கொண்டு என்னிடம் பேனாவை நீட்டினான்.

"கையெழுத்துப் போடுங்க. எல்லாரும் நிக்கறாங்க."

"நீயே போடு. இது நீ வரைஞ்சது."

பேனாவை அவன் சட்டைமேல் எறிந்தேன். ஓல்ஹா எதையும் கவனிக்கவில்லை. விரலை நாக்கில் தொட்டு, புயலைத் தேடுவதுபோல் அந்தக் கறுப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவள் விரல் நுனி கறுத்துக்கொண்டே வந்தது.