ஜோடி மார்க்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் கதை எழுத உட்காரவில்லை. அறிக்கை எழுதத்தான் உட்கார்ந்தேன். வழக்கமான பள்ளிக்கூடத்துக்கு வெளியே நடக்கும் படிப்புத் திட்டங்களைப் போய்ப் பார்த்து, அவை உருப்படியாக ஏதாவது செய்கின்றனவா என்று மதிப்பிட்டுச் சொல்வது என் பிழைப்பு. அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் இரண்டு கட்டங்கள் இருக்கும். 'தொடரலாம்', 'தொடர வேண்டாம்'. முதல் கட்டத்தில் டிக் போட்டால் அந்த மையம் பிழைக்கும். மற்றதில் போட்டால் சீக்கிரமே ஒரு வண்டி வந்து நாற்காலிகளை ஏற்றிக்கொண்டு போய்விடும்.

இத்தனை வருடங்களாக யோசிக்காமல் டிக் போட்ட கை, இந்தத் தடவை முரண்டு பிடித்தது. என் வீட்டுக்காரர் பல் மருத்துவர். அவர் பேச்சும் அப்படித்தான் இருக்கும்.

"சாப்பிடறப்ப அந்த மையத்தைப் பத்தி மூச்சு விடாம சொல்ற. கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்தா வாயில பஞ்சு வெச்ச மாதிரி ஆயிடற. என்னதான் பிரச்சினை?"

பிரச்சினை என்னவென்று எனக்கே தெரிந்திருந்தால் இந்தக் கதை இருந்திருக்காது.

2

(முதல் தொடக்கம்) வயது வந்தோருக்கான இம்மையமானது முற்றிலும் மாறுபட்ட கற்பித்தல் அணுகுமுறையினைக் கையாண்டு வருவதோடு மட்டுமல்லாமல்

வேண்டாம். இந்த வாக்கியம் முடிவதற்குள் நீங்களே எழுந்து போய்விடுவீர்கள்.

(இரண்டாம் தொடக்கம்) மழை பெய்துகொண்டிருந்தது.

பெய்யவில்லை. கதை என்றதும் என் கை தானாகவே மழையைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறது. அன்று நல்ல வெயில்.

(மூன்றாம் தொடக்கம்) அந்த வகுப்பில் எல்லோருமே இரண்டு தடவை இருந்தார்கள்.

இது பரவாயில்லை. காரணம் சொல்கிறேன். அந்த மையம் ஒரு சலவை நிலையத்தின் மாடியில் இருக்கிறது. முன்பு அங்கே நடனம் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி. நடன வகுப்பைக் காலி செய்துகொண்டு போனபோது கண்ணாடியைக் கழற்றினால் சுவரும் சேர்ந்து வந்துவிடும் என்று விட்டுவிட்டுப் போனார்களாம். ஆகவே யார் கொட்டாவி விட்டாலும் எல்லோருக்கும் தெரியும். கீழே இருந்து எந்நேரமும் ஆவியும் சோப்பு வாசனையும் மேலே வரும். என் மூக்குக்கண்ணாடி அடிக்கடி மங்கும்.

மையத்தை நடத்துபவர் முன்பு கைப்பந்துப் பயிற்சியாளராக இருந்தவர். கழுத்தில் இன்னும் விசில் தொங்குகிறது. வகுப்பில் எல்லோரும் அவரை 'விசில் டீச்சர்' என்கிறார்கள், நேரிலேயே. வேலை பார்த்துக்கொண்டே, விட்டுப்போன பள்ளி இறுதித் தேர்வை எழுத வருகிற பெரியவர்களுக்கு அவர் வைத்திருக்கும் சட்டம் ஒன்றே ஒன்று. இன்று ஒன்றைக் கற்றால், இன்றே பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். சொல்லிக்கொடுத்தவருக்குத் தனியாக மார்க் கிடையாது. கேட்டுப் படித்தவர் என்ன வாங்குகிறாரோ அதுதான் இவருக்கும். அதற்குப் பெயர் ஜோடி மார்க்.

"பந்தை வெச்சுக்கிட்டு நின்னா ஆட்டம் நடக்குமா மேடம்? தட்டிவிடணும்," என்றார் விசில் டீச்சர்.

இதைக் குறித்துக்கொண்டேன். அறிக்கையில் எங்கே சேர்ப்பது என்றுதான் தெரியவில்லை.

3

இப்போது இரண்டு முக்கியமான ஆட்கள். அண்ணி, அவளுடைய நாத்தனார்.

(இந்த இருவரையும் நீங்கள் நம்பமாட்டீர்கள் என்று என் வீட்டுக்காரர் சொல்கிறார். "கதைக்காக ஜோடிச்சது மாதிரி இருக்கு." நான் ஜோடிக்கவில்லை. விசில் டீச்சர்தான் ஜோடி சேர்த்தார்.)

அண்ணி கீழே சலவை நிலையத்தில் இஸ்திரி போடுகிறாள். பெரும்பாலும் மருத்துவமனை விரிப்புகள். நாத்தனார் தையல் கடையில் பொத்தான் தைக்கிறாள். இருவரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். ஆனால் பேச்சுவார்த்தை கிடையாது. குடும்பத்தோடு எடுத்த ஒரு போட்டோவில் அண்ணிக்குப் பாதி முகம்தான் விழுந்திருக்கிறது. நாத்தனார் அதைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டிவிட்டாள். "என் மூஞ்சி நல்லா வந்திருக்குல்ல" என்று வேறு சொல்லியிருக்கிறாள். அதோடு சரி.*

* அது வெறும் தொடக்கம்தான் என்றும், பின்னால் இன்னும் நிறைய உண்டு என்றும் இருவரும் தனித்தனியாக என்னிடம் சொன்னார்கள். அதற்கெல்லாம் இந்தக் கதை தாங்காது.

"வீட்டுல பேசமாட்டீங்க, இங்க மட்டும் எப்படி?" என்று அண்ணியிடம் கேட்டேன்.

"இங்க பேசித்தானே ஆகணும் மேடம்? அந்த மரமண்டைக்குப் புரிஞ்சாத்தானே எனக்கு மார்க்கு."

மரமண்டை பக்கத்திலேயே உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தது.

அண்ணிக்கு ஓர் ஆசை. அதுதான் இந்தக் கதையின் உயிர், ஆகவே நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள். உதவிச் செவிலியர் பயிற்சியில் சேர வேண்டும். அதற்குப் பள்ளி இறுதித் தேர்வில் தேறியிருக்க வேண்டும். ஏற்கெனவே இரண்டு முறை வேறு இடங்களில் படித்து எழுதித் தோற்றிருக்கிறாள்.

"எத்தனையோ வருஷமா அவங்க விரிப்பைத் தேய்க்கறேன். அதுல படுத்திருக்கறவங்கள ஒரு தடவையாவது பாக்கணும் மேடம்," என்றாள்.

இந்த வாக்கியத்தைக் கேட்டவுடன் கதையில் எங்கே வைப்பது என்று யோசித்தேன். எழுதுகிறவர்களின் புத்தி அப்படி. ஆனால் கண்ணும் கலங்கியது, அதையும் எழுதிவிடுகிறேன்.

4

மதிப்பீடு என்றால் தேர்வு வைக்காமல் முடியாது. வினாத்தாளைக் கொடுத்துவிட்டு ஜன்னல் ஓரம் போய் நின்றேன். கொஞ்ச நேரம் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. அப்புறம் நாற்காலி நகரும் சத்தம். திரும்பினால் அண்ணி நாத்தனாருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து விரலை ஆட்டி ஆட்டி எதையோ விளக்கிக்கொண்டிருக்கிறாள். அந்தப் பக்கம் லாரி ஓட்டுநர் ஒருவர் மூன்று பேரைச் சுற்றி உட்காரவைத்து வகுப்பே எடுக்கிறார். யாருக்கும் துளி பயம் இல்லை. என்னைப் பார்த்துச் சிரித்தவர்களும் உண்டு.

"என்ன பண்றீங்க எல்லாரும்?"

"சொல்லிக்குடுக்கறோம் மேடம். இவருக்கு ஏழாவது வரலையாம்," என்றார் லாரி ஓட்டுநர் பெருமையாக.

கையும் களவுமாகப் பிடிபட்டவர்கள் இப்படிப் பேசி நான் பார்த்ததில்லை. தேர்வு என்றால் சொல்லிக்கொடுக்கக் கூடாது என்பது அவர்களுக்கு மறந்தே போயிருந்தது.

ஏழாவது கேள்வி: ஓர் அறையின் நான்கு சுவர்களுக்கும் வண்ணம் அடிக்க வேண்டும், நீளம், அகலம், உயரம், கதவின் அளவு தரப்பட்டுள்ளன, எவ்வளவு பரப்புக்கு அடிக்க வேண்டும்? வீட்டுக்கு வந்து தாள்களைப் பிரித்தேன். ஒருவர் விடாமல் எல்லோரும் ஒரே தவறான விடை. யாருமே கதவைக் கழிக்கவில்லை.

மறுநாள் கேட்டபோது லாரி ஓட்டுநர் எழுந்து நின்றார். "கதவுக்கும் பெயிண்ட் அடிப்பாங்கல்ல மேடம்? அதான் கழிக்க வேணாம்னு நான்தான் எல்லாருக்கும் சொன்னேன்."

"சுவருக்கு அடிக்கறதையேவா அண்ணே கதவுக்கும் அடிப்பீங்க?" என்றாள் நாத்தனார். வகுப்பே சிரித்தது. கண்ணாடிக்குள் இருந்தவர்களும் சிரித்தார்கள்.

நானும் சிரித்தேன். ஆனால் என் வேலை சிரிப்பது அல்ல. அன்பாகச் சொல்லிக்கொடுக்கும் இடத்தில் தவறும் அதே அன்போடு பரவுகிறது. இது இந்தத் திட்டத்தின் உண்மையான ஓட்டை. ஆனால், அடுத்த முறை நான் போவதற்குள் லாரி ஓட்டுநர் தேநீர் இடைவேளையில் ஒவ்வொருவரிடமாகப் போய் "நான் சொன்னது தப்பு, கதவைக் கழிக்கணும்" என்று சொல்லி முடித்திருந்தார். அதுவும் அவர்கள் வழக்கமாம்: தப்பாகச் சொன்னவர்தான் போய்த் திருத்த வேண்டும். தவறு போன வழியிலேயே திருத்தமும் போயிருந்தது. எந்தப் பள்ளிக்கூடத்திலும் நான் இதைப் பார்த்ததில்லை.

இதற்கு என்ன மார்க் போடுவது? [இங்கே ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன். அதில் 'சமூகவயக் கற்றல்' என்ற சொல் இருந்தது.]

5

இரண்டாவது தேர்வைக் கறாராக வைத்தேன். சுவர்க் கணக்கையும் அளவு மாற்றி மறுபடி சேர்த்திருந்தேன். மேசைகளைத் தள்ளித் தள்ளிப் போடச் சொன்னேன். கண்ணாடியை மருத்துவமனை விரிப்புகளால் மூடினோம். அண்ணியே நாற்காலி மேல் ஏறி நின்று கட்டினாள். யாரும் யாரோடும் பேசக் கூடாது. விசில் டீச்சர் விசிலை ஊதி ஆரம்பித்து வைத்தார்.

முடிவு எனக்கே வியப்பாக இருந்தது. அநேகமாக எல்லோரும் நன்றாகவே எழுதியிருந்தார்கள். நாத்தனார் பிரமாதம். லாரி ஓட்டுநர் கதவை மறக்கவில்லை. ரொம்ப ஜாக்கிரதையாக இரண்டு தடவை கழித்திருந்தார்.

அண்ணியின் தாள் மட்டும் வெள்ளையாக இருந்தது. மேலே அவள் பெயர். அவ்வளவுதான்.

கீழே போய்ப் பார்த்தேன். இஸ்திரிப் பெட்டியை அழுத்தி அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"தெரியும் மேடம். எல்லாமே தெரியும். ஆனா தனியா உக்காந்தா கை ஓடல. யாருக்குச் சொல்றதுன்னு தெரியல."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இறுதித் தேர்வு முழுக்க முழுக்கத் தனியாக எழுதுவதுதானே! நாத்தனாருக்குத் தேர்வு எண் வேறு, மண்டபம் வேறு. சொல்லிச் சொல்லியே படிக்கப் பழக்கிய இந்த மையம், சொல்ல ஆளில்லாத இடத்தில் இவளைக் கைவிட்டுவிடுமா? இவளுக்கு உதவாத திட்டத்தை உதவுகிறது என்று நான் எப்படி எழுதுவது? முந்தின இரண்டு இடங்களிலும் இதே மாதிரிதான் ஆயிற்று என்றாள். அங்கே பக்கத்தில் யாரும் இல்லை என்பதால் அவளுக்குத் தெரியும் என்பதே யாருக்கும் தெரியாமல் போயிற்று. மூன்றாவது தடவையும் தோற்றால் இனி எழுதமாட்டேன் என்று வீட்டில் வாக்குக் கொடுத்திருக்கிறாள்.

6

முடிவுகள்.

(அ) நான் 'தொடர வேண்டாம்' என்று குறிக்கிறேன். நாற்காலிகள் போகின்றன. அண்ணி விரிப்புகளைத் தேய்த்துக்கொண்டே

இதை எழுதும்போதே எனக்கு என் மேலேயே கோபம் வந்தது. விட்டுவிட்டேன்.

(ஆ) அண்ணி தேர்வில் எல்லோரையும் முந்திவிடுகிறாள். செய்தித்தாளில் படம் வருகிறது, இந்தத் தடவை முழு முகத்தோடு.

என் வீட்டுக்காரர் படித்துவிட்டு, "இது செயற்கைப் பல்," என்றார். அவர் தொழிலில் அதைவிடப் பெரிய திட்டு கிடையாது.

(இ) நடந்தது. சில நாள் கழித்து நான் போயிருந்தபோது நாத்தனார் தானாகவே அண்ணியின் மேசைக்கு வந்தாள். நான் இருப்பதையும் பொருட்படுத்தவில்லை.

"அண்ணி, பேப்பர்ல எழுதறதா நினைக்காதீங்க. எனக்குச் சொல்றதா நினைச்சு எழுதுங்க."

"நீதான் பக்கத்துல இருக்கமாட்டியே."

"வீட்டுல என்கூடப் பேசாம இருக்கறப்ப மட்டும் மனசுக்குள்ள என்னைத் திட்டாமயா இருக்கீங்க? அதே மாதிரிதான். உங்களுக்கு நல்லா பழக்கம்தானே!"

அண்ணிக்கு முதலில் முகம் சுருங்கியது. அப்புறம் உதடு துடித்தது. அப்புறம் அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பில் பேனாவை எடுத்தவள், அன்று வெள்ளையாக விட்ட அதே கேள்விகளுக்கு நிறுத்தாமல் எழுதினாள். அந்தத் தாளை நான் வாங்கி வைத்துக்கொண்டேன். கணக்குக்கு நடுவே இப்படி இருக்கிறது: 'ஏய், இங்க பாரு. முதல்ல நாலு சுவரையும் கூட்டு. அவசரப்படாத. இப்ப கதவைக் கழி. கழிக்கலேன்னா லாரிக்காரர் மாதிரி ஆயிடுவ. ஒரு தடவைதான் கழிக்கணும், மரமண்டை. புரிஞ்சுதா?' விடை சரி. எல்லா விடையும் சரி.

"மண்டபத்துல இதெல்லாம் எழுதக் கூடாதும்மா. திட்டறதை வாய்க்குள்ளயே வெச்சுக்கணும்," என்றார் விசில் டீச்சர். அன்றிலிருந்து அதற்கும் ஒரு பயிற்சி நடந்தது. உதடு லேசாக அசைவதை மட்டும் கடைசிவரை நிறுத்த முடியவில்லை.

இருவரும் சமாதானமாகிவிட்டார்களா என்று கேட்பீர்கள். இல்லை. தேர்வு முடிகிறவரை வீட்டில் பேசிக்கொள்வதில்லை என்று சேர்ந்தே முடிவு செய்திருக்கிறார்கள். பேச ஆரம்பித்தால் பழக்கம் விட்டுப்போய்விடுமாம்.

7

அறிக்கை ஏன் வரவில்லை என்று எனக்கு இப்போது புரிகிறது. அறிக்கையை யாருக்கு எழுதுகிறேன் என்றே தெரியாமல் எழுதிக்கொண்டிருந்தேன். உங்களை எதிரே உட்காரவைத்ததும் கை ஓடிவிட்டது. நீங்கள்தான் என் நாத்தனார். (மரமண்டை என்று சொல்லவில்லை. நினைக்கக்கூட இல்லை.)

அறிக்கையை இன்று காலை அனுப்பிவிட்டேன். ஓட்டையையும் எழுதினேன், கதவையும் எழுதினேன், விரிப்பு மூடிய கண்ணாடியையும் எழுதினேன். முதல் கட்டத்தில் டிக் போட்டேன். மனசு நிறைவாக இருக்கிறது. தேர்வு முடிவு தெரிந்த பிறகு போட்டிருக்கலாமே என்கிறீர்களா? அதற்குள் கெடு முடிந்துவிடும். சில டிக்குகளைத் தெரிந்துகொள்வதற்கு முன்பே போட வேண்டியிருக்கிறது.

இப்போது அண்ணி மண்டபத்தில் இருக்கிறாள். எனக்குத் தெரியாது, ஆனால் தெரியும். பெரிய மண்டபம். கண்ணாடி இல்லை. மேசைகள் தள்ளித் தள்ளி. அவள் கேள்வித்தாளைத் திருப்புகிறாள். கொஞ்ச நேரம் எதுவும் இல்லை. பிறகு பேனா நகர்கிறது. பிறகு உதடும் நகர்கிறது. வரிசைக்கு நடுவே நடந்துவரும் கண்காணிப்பாளர் நின்று, குனிந்து, மெதுவாகக் கேட்கிறார்:

"யார்கிட்டம்மா பேசிட்டிருக்க?"

அவள் என்ன சொன்னாள் என்பதை நான் எழுதப்போவதில்லை. எனக்குத் தெரிந்த அளவுக்கு உங்களுக்கும் இப்போது அவளைத் தெரியும். நீங்கள் எழுதுங்கள். நீங்கள் வாங்குவதுதான் எனக்கும் மார்க்.