பாதி ஜெபம்

என் மகள் ஜெமி சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை. இதை எத்தனையோ பேரிடம் பெருமையடித்திருக்கிறேன். அந்தச் சனிக்கிழமை மத்தியானம் பஸ்ஸில் உட்கார்ந்து, இன்றைக்கு ஒருநாள் அவள் என் பேச்சைக் கேட்டிருக்கக் கூடாது என்று தவித்துக்கொண்டு வந்தேன்.

நான் தூத்துக்குடி டவுனில் அறிவியல் டீச்சர். வீடு முத்தையாபுரத்தில். வீட்டுக்காரர் கிருபாநிதி கப்பலில் இன்ஜினியர். வருஷத்தில் பாதி கடலில்தான். அன்றைக்குப் பத்தாம் வகுப்புக்கு ஸ்பெஷல் கிளாஸ். ஏழாவது படிக்கிற ஜெமிக்கு லீவு, தனியாக வீட்டில் இருந்தாள். வகுப்பு முடிந்து போனைப் பார்த்தால் எங்கள் தெரு வாட்ஸ்அப் குரூப் அல்லோலகல்லோலப்பட்டுக் கிடந்தது. தெருவுக்கு மேற்கே இருக்கிற கெமிக்கல் கம்பெனியில் குளோரின் கசிகிறதாம். வதந்தி, யாரும் நம்பாதீர்கள் என்று ஒரு புண்ணியவான் அதற்குக் கீழே போட்டிருந்தார். ஜெமிக்கு அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

அவள் ஏன் எடுக்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

நாசரேத்தில் நான் வளர்ந்த வீட்டில் ஜெபத்துக்கு முழங்கால் போட்டுவிட்டால், அடுப்பில் பால் பொங்கினாலும் யாரும் எழும்ப மாட்டோம். அதே சட்டத்தை என் வீட்டிலும் போட்டேன். ஜெபத்துக்கு முன்னால் போனைச் சத்தமில்லாமல் ஆக்கி அடுக்களையில் வைத்துவிட வேண்டும். யார் கதவைத் தட்டினாலும் திறக்கக் கூடாது. ஆமென் சொல்லாமல் கண்ணைத் திறக்கக் கூடாது. உட்கார்ந்தாலும் நடந்தாலும் படுத்தாலும் எழுந்தாலும் கர்த்தரைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடு என்பது வேதாகமக் கட்டளை. நான் ஸ்கூட்டியில் போகும்போதும் சொல்லிக்கொடுத்தேன், பின்னல் போடும்போதும் சொல்லிக்கொடுத்தேன்.

"பயம் வந்தா என்ன செய்யணும், ஜெமி?"

"முழங்கால் போடணும்மா."

தூத்துக்குடியே மூழ்கிய அந்த டிசம்பர் வெள்ளத்தில் வீட்டுக்குள் தண்ணீர் ஏறியபோது நாங்கள் இரண்டு பேரும் கட்டில்மேல் முழங்கால் போட்டு ஜெபித்தோம். தண்ணீர் கட்டில் சட்டம்வரை வந்து நின்றுவிட்டது. அடுத்த மாதம் எங்கள் சபைக் கோயிலில் எழுந்து நின்று அதைச் சாட்சியாகச் சொன்னேன். பாதிப் பேர் கண்ணைத் துடைத்தார்கள். முன்வரிசையில் உட்கார்ந்து ஜெமி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கப்புறம் இடி இடித்தால்கூட அவளுக்கு முழங்கால்தான்.

குளோரின் காற்றைவிடக் கனமானது. தரையோடு தரையாகப் படரும். கசிந்தால் மேலே ஏறுங்கள், கீழே குனியாதீர்கள். இதை வருஷாவருஷம் வகுப்பில் தொண்டை கிழியக் கத்துகிறேன். ஊரார் பிள்ளைகளை மேலே ஏறச் சொன்னேன், பெற்ற பிள்ளையைத் தரையில் முழங்கால் போடச் சொன்னேன். இந்த இரண்டும் ஒருநாள்கூட என் தலைக்குள் சந்தித்துக்கொண்டதில்லை. நல்ல டீச்சர் நான்.

பஸ்ஸில் ஜெபிக்கப் பார்த்தேன். வந்தது ஒரே வரிதான்: இயேசப்பா, என் பிள்ளை இப்போ ஜெபம் பண்ணிக்கிட்டிருக்கக் கூடாது. இப்படி ஒரு ஜெபத்தை உலகத்தில் யாராவது ஏறெடுத்திருப்பார்களா? சொல்லவே பயமாக இருந்தது. ஆனாலும் அதையேதான் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

முத்தையாபுரத்துக்கு முன்னாலேயே போலீஸ் பஸ்ஸை மறித்துவிட்டார்கள். ஜனங்கள் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு எதிரே வந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். ஜெமி இல்லை.

"உள்ள போவக்கூடாதும்மா" என்று ஒரு போலீஸ்காரர் கையை நீட்டினார். "எல்லாரையும் வெளியேத்தியாச்சி. வீடு வீடா கதவத் தட்டிட்டுத்தான் வாரோம்."

"தட்டுனா என் மவ தொறக்கமாட்டா" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. நின்று விளக்கம் சொல்ல நேரமில்லை. உப்பு லாரி ஒன்று குறுக்கே திரும்பிய நேரம் பார்த்துப் பக்கத்துச் சந்துக்குள் ஓடினேன். பின்னால் அவர் கூப்பிடுகிற சத்தம் கேட்டது.

தெரு முனையிலேயே பிளீச்சிங் பவுடர் வாடை மூக்கைக் குத்தியது. கச்சான் காற்று மேற்கிலிருந்து நேராக எங்கள் தெருவுக்குள்தான் அடித்துக்கொண்டிருந்தது. அடிபம்பில் முந்தானையை நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டேன். கண் எரிந்தது. ஒரு நாய் வாய்க்கால் ஓரம் படுத்துக் கிடந்தது. அது மூச்சு விடுகிறதா என்று பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. முன்னறையில் பாய் விரித்திருந்தது, அதன்மேல் வேதாகமம். அடுக்களையில் போன் சத்தமில்லாமல் மின்னி மின்னி அடங்கியது. ஜெமி இல்லை. கட்டிலுக்கு அடியில் பார்த்தேன், குளியலறையில் பார்த்தேன். மூச்சு முட்டி எங்காவது விழுந்து கிடக்கிறாளோ? கூப்பிட வாயைத் திறந்தால் இருமல்தான் வந்தது. அந்தப் பாயிலேயே விழுந்து கதறலாம் போலிருந்தது. குனியாதே, குனியாதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வெளியே வந்து மாடிப்படியைப் பிடித்தேன்.

மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியின் திட்டில் அவள் உட்கார்ந்திருந்தாள். மடியில் பக்கத்து வீட்டுப் பேச்சிச்செல்வியின் மகன், இரண்டு வயசு முத்துக்குமரன். இருவர் மூக்கிலும் ஈரத் துண்டு. ஓடிப்போய் இரண்டு பேரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டேன். என் அழுகை எனக்கே கேட்டது.

ஜெமி அழவில்லை. அவள் முகத்தில் வேறொரு பயம் இருந்தது, என்னைப் பார்த்த பயம்.

"அம்மா, ஏசாதீங்க. நான் பாதி ஜெபத்துல எந்திச்சிட்டேன்."

அவள் மூக்கிலிருந்து நழுவிய துண்டை இழுத்துக் கட்டினேன்.

"நெடி வந்த உடனே முழங்கால் போட்டுட்டேன். கதவத் தட்டுனாங்க, தொறக்கல. பொறவு செவுத்துக்கு அந்தப் பக்கம் இவன் இருமுனான். பேச்சியக்கா இவனத் தூங்க வச்சி, கதவ வெளிய கொண்டி போட்டுட்டு ரேஷன் கடைக்குப் போயிருக்காங்க. கண்ண இறுக்கி மூடிக்கிட்டு இன்னும் சத்தமா ஜெபிச்சேன். அப்பமும் அவன் இருமுறதுதான் கேட்டுது. ஆமென் சொல்லாம ஓடிட்டேம்மா. கீழ மூச்சு முட்டுச்சி, இவனத் தூக்கிட்டு மேல ஏறிட்டேன். இயேசப்பா என்மேல கோவமா இருப்பாரா?"

கெமிக்கல் கம்பெனியை விட அந்தக் கேள்விதான் என்னை அதிகமாகப் பயமுறுத்தியது. கர்த்தரை முழு இருதயத்தோடும் நேசிக்கச் சொல்லிக்கொடுத்ததாக நினைத்திருந்தேன். அவரைப் பார்த்து நடுங்கவல்லவா சொல்லிக்கொடுத்திருக்கிறேன். இந்தக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு படியேறிய பிள்ளை, அதற்காகத் தனக்கு அடி விழுமோ என்று மேலே உட்கார்ந்து பயந்துகொண்டிருந்திருக்கிறாள்.

"கோவமே இல்ல ஜெமி" என்றேன். "அந்தச் சத்தத்த ஒன்னய கேக்க வச்சதே அவருதாம்மா."

அவள் நம்பினாளா தெரியவில்லை. என் முகத்தையே பார்த்தாள். குழந்தை மறுபடியும் இருமியது. கீழே தெருவில் மஞ்சளாக ஏதோ படர்ந்தது போலிருந்தது. புகையா, என் கண்தானா, தெரியவில்லை. தூரத்தில் தீயணைப்பு வண்டியின் சத்தம் கேட்டது. இங்கே வர எவ்வளவு நேரமாகுமோ. பயம் மறுபடி தொற்றிக்கொள்ள, பழக்கத்தில் என் முழங்கால் மடங்கியது.

ஜெமி என் கையைப் பிடித்து இழுத்தாள். "கீழ போவாதீங்கம்மா. கீழதான் மூச்சு முட்டும்."

"அப்ப நின்னுக்கிட்டே ஜெபிப்போமா?"

"கண்ண மூட வேண்டாம்மா. யாராச்சும் வாராங்களான்னு பாக்கணும்."

நின்றுகொண்டு, கண்ணைத் திறந்துகொண்டு, மூன்று பேரும் கைப்பிடிச் சுவரோரம் ஒட்டிக்கொண்டு ஆரம்பித்தோம். என் வாயில் வழக்கமான பெரிய வார்த்தை ஒன்றும் வரவில்லை. "இயேசப்பா, ரொம்பப் பயமா இருக்கு" என்றேன். ஜெமி அதையே சொன்னாள். இன்னும் இரண்டு வரி சொல்லியிருப்பேன்.

சந்து முனையில் பேச்சிச்செல்வி தலைவிரி கோலமாக ஓடி வந்தாள். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, குனிந்து, பிள்ளையைத் தேடித் தன் வீட்டு வாசலுக்குள் நுழையப் போனாள். ஏளா பேச்சி, பிள்ள இங்கன இருக்கு என்று கத்தினேன். காற்றில் அவளுக்குக் கேட்கவில்லை. ஜெமி என்னைப் பார்த்தாள்.

ஜெபத்தை அப்படியே விட்டுவிட்டு, முந்தானையை இழுத்துக் கட்டிக்கொண்டு, நான் படியில் இறங்கி ஓடினேன்.