துவைக்காத துண்டு

என் கொழுந்தனுக்கு வேலை கிடைத்ததே துண்டைத் துவைக்காததால்தான்.

நான் இருப்பது ஒரு மருந்து ஆராய்ச்சிக் கூடத்தில். மரப்பட்டையிலிருந்து எடுத்த வெள்ளைப் பொடி ஒன்று எங்களிடம் இருந்தது. கண்ணாடித் தட்டில் புற்றுநோய்ச் செல்களைக் கொன்று குவிக்கும். ஆனால் தண்ணீரில் கரையவே கரையாது. கரையாத மருந்தை எந்த நரம்பில் ஏற்றுவது? அதன் மூலக்கூறில் ஒரு குறிப்பிட்ட மூலையில் ஆக்சிஜனை ஒட்டவைத்தால் கரையும். வேதியியல்காரர்கள் முட்டி மோதிப் பார்த்தார்கள். கண்ட இடத்தில் ஒட்டியதே தவிர, ஒட்ட வேண்டிய இடத்தில் ஒட்டவில்லை. சில பூஞ்சைகள் இந்த மாதிரி நுணுக்கமான வேலையைப் போகிறபோக்கில் செய்துவிடும். அதனால் அழுகிய இலை, ஈர மரம் என்று கிடைத்ததிலிருந்தெல்லாம் பூஞ்சை பிரித்து, மருந்தோடு குடுவையில் போட்டுக் குலுக்கினோம். ஒன்றும் மசியவில்லை.

அப்போதுதான் என் மாமியார் கொழுந்தனின் துண்டைக் குச்சியால் தூக்கிக்கொண்டு குப்பைத்தொட்டிக்குப் போவதைப் பார்த்தேன். துண்டெல்லாம் கறுப்பாகப் பூத்திருந்தது.

"அத்தை, நில்லுங்க! அதை எனக்குக் குடுங்க."

"அவன்தான் அப்படின்னா, நீயுமா?" என்றார்.

அந்தப் பூஞ்சை சொல்லிவைத்த மாதிரி சரியான மூலையில் ஆக்சிஜனை ஒட்டியது. பொடி கரைந்தது. எங்கள் இயக்குநர் குடுவையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக் கண் கலங்கினார். ஆனால் சுத்தமான தட்டில் வளர்த்தால் பூஞ்சை கொழுகொழுவென்று வளர்ந்துவிட்டு, மருந்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. துண்டிலிருந்து புதிதாக எடுத்தால்தான் வேலை செய்தது.

"உங்க கொழுந்தன் என்ன பண்றார்?" என்று கேட்டார் இயக்குநர்.

"தூங்குறான் சார்."

"நாளையிலிருந்து இங்க வந்து தூங்கச் சொல்லுங்க. துண்டோட."

அடையாள அட்டை வந்தது. அதில் 'நுண்ணுயிர் ஆதாரம்' என்று போட்டிருந்தது. கழுத்தில் மாட்டியதுமே ஆள் மாறிவிட்டான். விடியற்காலையில் எழுந்து தேய்த்துத் தேய்த்துக் குளித்தான். துண்டை வெந்நீரில் அலசி வெயிலில் உலர்த்தினான். இஸ்திரி போட்ட சட்டை, அதன் மேல் சென்ட் வேறு. மாமியார் ஆனந்தக் கண்ணீர் விட்டார். பூஞ்சை செத்துப்போனது.

இயக்குநர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, எங்களுக்காகக் கொஞ்சம் அழுக்கா இருங்களேன்."

"ஆபீசுக்கு வர்றவன் அழுக்கா வரலாமா சார்? நாலு பேர் என்ன நினைப்பாங்க?"

வேறு வழியில்லாமல் இயக்குநர் தொடங்கி ஊழியர் அத்தனை பேருக்கும் ஆளுக்கொரு துண்டு கொடுக்கப்பட்டது. துவைக்கக் கூடாது, காயவும் விடக் கூடாது. முனைவர் பட்டம் வாங்கியவர்கள் ஈரத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு லிஃப்டில் மூச்சைப் பிடித்தபடி நின்றோம். காசாளரின் மனைவி அவரை மாடிப்படிக்கு அடியில் படுக்கச் சொல்லிவிட்டார். என் கணவர் போர்வையை எடுத்துக்கொண்டு வீட்டு முன்கூடத்துக்குப் படுக்கப் போனார். துண்டுகளைச் சோதிக்கும் பொறுப்பு, அனுபவசாலி என்பதால், கொழுந்தனிடம் வந்தது. கையுறை மாட்டி, மூக்கைச் சுளித்துக்கொண்டு மேசை மேசையாக வருவான்.

"அண்ணி, உங்களோடது தேறாது. அக்கறையே இல்ல உங்களுக்கு."

எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கடைசியில் அந்தக் கறுப்பு, இயக்குநரின் துண்டில் பூத்தது. பரீட்சையில் தேறிய பையனைப் போல அதை உயர்த்திக் காட்டினார். மருந்து மறுபடி கரைந்தது. எலிகளின் கட்டிகள் சுருங்கின. ஆனால் அதற்குப் பிறகு அவரைக் குளிக்க விடவில்லை. கண்ணாடிச் சுவர் வைத்த ஈர அறை ஒன்றில் நாற்காலி போட்டு உட்காரவைத்தோம்.

மருந்தைப் பார்க்க வெளியூர் நிபுணர்கள் வந்தபோது, ஆராய்ச்சிக் கூடத்திலேயே பளிச்சென்று இருந்தவன் கொழுந்தன்தான். அவர்கள் நேரே போய் அவன் கையைக் குலுக்கி, "டைரக்டர் சார்" என்றார்கள். அவனும் மறுக்கவில்லை. மேடையேறி, பூஞ்சைகளுக்குத் தேவை பொறுமையும் அன்பும் என்று பேசினான். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது.

அவன் பேச்சைத் தொடர, நான் ஈர அறைக்கு ஓடினேன். இயக்குநர் கண்ணாடியில் நெற்றியை வைத்து, முதுகைச் சொறிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"சார், நீங்க தப்பா நினைக்காதீங்க..."

"உஷ்," என்றார். "பையன் நல்லாத்தானேம்மா பேசுறான்."