கார்டில் நாற்பத்தொன்று

ஷிப்ட் முடிந்து வெளியே போகிறவர்களைத் தடவிப் பார்த்து அனுப்புவது அந்த போன் கம்பெனியில் தினப்படி சடங்கு. பெண்கள் வரிசைக்கு அம்சவல்லி என்ற செக்யூரிட்டி. காலர், கை, இடுப்பு என்று அவள் கை ஓடுகிற வேகத்தில் யாருக்கும் கூசக்கூட நேரமிருக்காது. அன்றைக்கு அந்தக் கை சந்திரம்மாளின் அடிவயிற்றில் வந்து நின்றுவிட்டது.

"இன்னாக்கா இது, கல்லு மாதிரி கீது?"

"வயிறுடி."

"வயிறு எனக்குந்தான் கீது. அமுக்குனா உள்ள போவுது. உன்னுது போவ மாட்டேங்குதே."

வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் அந்த நிமிஷமே முடிவாகிவிட்டது. ஹவுஸ்கீப்பிங் சந்திராக்கா நாலைந்து போனை வயிற்றில் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அம்சவல்லி அவளைத் திரைக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போய்ப் பாவாடை நாடா வரைக்கும் சோதித்தாள். ஒரு சார்ஜர் ஒயர்கூடக் கிடைக்காததில் அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

"போன் இருந்திருந்தாகூட எழுதிக் குடுத்துட்டு வேலையப் பாத்துருப்பேன். இது இன்னா எழவோ, போய் ஸ்கேன் எடுக்கா" என்றாள்.

ஸ்கேன் எடுக்கப் போவதற்குமுன் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். சந்திரம்மாளுக்கு வயது அறுபத்தொன்று. கம்பெனி கார்டில் நாற்பத்தொன்று. நாலு வருஷத்துக்கு முன்னால், இரண்டாயிரத்து எட்டில், பென்னலூரிலிருந்து வேலை கேட்டு அவள் போய் நின்றபோது, நாற்பதுக்கு மேல் எடுக்க மாட்டோம் என்றான் காண்டிராக்ட் சூப்பர்வைசர் கண்ணப்பன். ரேஷன் கார்டோ ஐம்பத்தேழு என்றது. ஆள் கிடைக்காமல் அவன் அலைந்துகொண்டிருந்த நேரம். கார்டை ஜெராக்ஸ் எடுத்து, பேனாவை வைத்து, ஐந்தை அவனே மூன்றாக்கிவிட்டான். ஒரே இழுப்பில் இருபது வருஷம் காலி. எத்தனை கோயில் படி ஏறினாலும் கிடைக்காத வரம்.

அந்த வரத்துக்கு சந்திரம்மாளும் துரோகம் செய்யவில்லை. ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு தலைக்கு மை அடித்தாள். முட்டி வலித்தால் பல்லைக் கடித்துக்கொண்டு தரையைத் துடைத்தாள். வீட்டில் மருமகளுக்கு அவள் கிழவி, பஸ் கண்டக்டருக்குப் பாட்டி. கம்பெனி கேட்டுக்குள் காலை வைத்தால் மட்டும் இருபது வயதுப் பெண்களிலிருந்து ஷிப்ட் இன்ஜினியர் வரைக்கும் எல்லாருக்கும் சந்திராக்கா. நீலச் சட்டை, தலைக்குத் தொப்பி, ஏசி, கேன்டீனில் வெள்ளிக்கிழமை கேசரி, கம்பெனி பஸ்ஸில் திரை போட்ட ஜன்னல் ஓரம். அறுபது வயதில் ஒருத்திக்கு இப்படி ஒரு யோகம் அடித்தால் விட்டுக்கொடுப்பாளா? அவளுக்கு அந்த வேலை உயிர்.

ஆகவே டிஸ்பென்சரி டாக்டர் ஈஎஸ்ஐ கார்டைப் பார்த்து, "நாப்பத்தொண்ணா? கடைசியா பீரியட்ஸ் எப்ப வந்துச்சு?" என்று கேட்டதும் சந்திரம்மாள் மனசுக்குள் கணக்குப் போட்டாள். அதெல்லாம் நின்று பதிமூன்று வருஷம் ஆகிறது. நாற்பத்தொன்றில் நின்றுவிட்டது என்றால் நம்புவார்களா, தோண்டுவார்களா? சட்டென்று மாரிசெல்வி நினைவுக்கு வந்தாள். கோவில்பட்டிப் பக்கத்துப் பெண், அதே கம்பெனியில் போன் பூட்டுகிற லைனில் இருக்கிறாள், சந்திரம்மாள் வீட்டுப் பின்கட்டு அறையில் குடியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து வெந்நீர் கேட்டிருந்தாள்.

"ஞாயித்துக்கெழம, டாக்டர்" என்றாள் சந்திரம்மாள்.

"ஒழுங்கா வருதா?"

"கம்பெனி பஸ்சு மாதிரி வரும்."

ஸ்கேனில் சினைப்பையில் ஆறு சென்டிமீட்டருக்கு ஒரு நீர்க்கட்டி. மாதவிலக்கு ஒழுங்காக வருகிற வயதில் இது சகஜம், பெரும்பாலும் தானாகவே கரைந்துவிடும் என்றார் டாக்டர். மூன்று முறை வரட்டும், தேதியைக் குறித்துவைத்துக்கொண்டு திரும்ப வாருங்கள் என்று அனுப்பினார். அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தவளுக்கு அது சரியான வைத்தியம்தான்.

சந்திரம்மாள் நேரே பின்கட்டுக்குப் போனாள். "ஏண்டி, மாசாமாசம் எப்ப வருதுன்னு என்கிட்ட வந்து சொல்லிடு. டாக்டர் தேதி கேக்குறாரு."

மாரிசெல்வி விழித்தாள். "எக்கா, உங்க டாக்டருக்கு என் தேதி எதுக்கு?"

விஷயத்தைக் கேட்டதும் கட்டிலில் விழுந்து புரண்டு சிரித்தாள். பிறகு, "இது சரியா வருமாக்கா? எனக்குப் பயமா இருக்கு" என்றாள். சந்திரம்மாள் அவள் கன்னத்தில் ஒரு இடி இடித்து வாயை அடைத்தாள். அதிலிருந்து மாதம் தவறாமல் மாரிசெல்வி வந்து கதவைத் தட்டி, "எக்கா, எனக்கு வந்துட்டு" என்று சொல்லிவிட்டுப் போவாள். சந்திரம்மாள் போய் காலண்டரில் பேனாவால் சுழிப்பாள். தங்கமான பெண், ஒரு நாள் முன்னே பின்னே கிடையாது.

மூன்று மாதம் கழித்துப் போகவேண்டியவள் போகவில்லை. போனால் இன்னும் என்னென்ன கேட்பார்களோ என்ற பயம். காலண்டரில் சுழியும் ஏறியது, வயிறும் ஏறியது. ஸ்டோரில் நீலச் சட்டையை எம்மிலிருந்து எல்லுக்கு மாற்றினாள், பிறகு எக்ஸ்எல், பிறகு டபுள் எக்ஸ்எல். அதற்கு மேல் சட்டை இல்லை என்றான் கண்ணப்பன். "அக்கா, கேசரிய கொறக்கா." லைனில் பெண்கள் அவள் முதுகுக்குப் பின்னால் மாதம் எண்ண ஆரம்பித்தார்கள். புருஷன் செத்துப் பதினைந்து வருஷம் ஆனவளைப் பற்றி இப்படி ஒரு பேச்சு என்றால் வேறொருத்தி தூக்கில் தொங்கியிருப்பாள். சந்திரம்மாளுக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. நாற்பத்தொன்று என்று இவர்கள் நம்புவதால்தானே இந்தப் பேச்சு.

எட்டாவது மாதம் பெருமை போய்விட்டது. இரண்டு இட்லிக்கு மேல் இறங்கவில்லை. குனிந்து துடைத்தால் மூச்சு முட்டியது. ஒருநாள் கேன்டீன் வாசலில் மாப்பைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இந்த முறை ஸ்கேனில் கட்டி இருபத்திரண்டு சென்டிமீட்டர். பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்து, உடனே ஆபரேஷன், கூட ஒரு ஆள் வேண்டும் என்றார்கள்.

கூட இருக்க மகன் செந்தமிழன் இருந்தான். ஒரகடத்தில் ஒரு குடோனில் போர்க்லிப்ட் ஓட்டுகிறான். அப்பன் ஆசையாக வைத்த பேர். வாயைத் திறந்தால் இன்னா, கீது, வூடு. அவனுக்கு வயது நாற்பது. அங்கேதான் சிக்கல்.

"இத பாரு, ஆஸ்பத்திரில நீ எனக்குத் தம்பி" என்றாள் சந்திரம்மாள்.

"இன்னாது?"

"கார்டுல எனக்கு நாப்பத்தொண்ணு. உனக்கு நாப்பது. ஒரு வயசுலயா உன்னப் பெத்தேன்? அக்கான்னு கூப்புடு."

"பெத்தவள அக்கான்னு கூப்புடறதா? உனக்கு வயித்துல கட்டியா, மண்டையிலயா?"

"கூப்டா வாய் வெந்துடாது. வேல போச்சின்னா வூட்ல உக்காந்து உன் பொண்டாட்டி மூஞ்சியயும் சீரியலயும் மாத்தி மாத்திப் பாக்கணும். அதுக்கு இந்தக் கட்டியே தேவலாம்."

அவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். அம்மாவின் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருப்பதும், வயிறு மட்டும் தனியாக உட்கார்ந்திருப்பதும் அவன் கண்ணில் பட்டிருக்கவேண்டும். "சரிக்கா, வா" என்றான்.

அவன் பழகிக்கொண்டான். அக்கா தண்ணி குடி, அக்கா கால நீட்டு என்று வார்டே மெச்சும்படி செய்தான். இப்படி ஒரு தம்பி கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்றாள் பக்கத்துக் கட்டில்காரி. அட்மிஷன் பாரத்தில் உறவு என்ற இடத்தில் தம்பி என்று எழுதிக் கையெழுத்தும் போட்டான். எழுதும்போது கை கூசியது என்று பிறகு சொன்னான்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் காலையில் டாக்டரம்மா வந்தாள். குட்டையான, சிடுசிடுப்பான பெண். சந்திரம்மாளைச் சோதித்து முடித்துவிட்டு நெற்றியைச் சுருக்கிக்கொண்டே பைலைப் புரட்டினாள்.

"நாப்பத்தொண்ணு. எட்டு மாசத் தேதியும் எழுதி வெச்சிருக்கீங்க. பரவாயில்லையே. இனிமே குழந்தை பெத்துக்கிற எண்ணம் இருக்கா?"

செந்தமிழனுக்குப் புரையேறி, ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டான்.

"எதுக்குக் கேக்குறீங்க?" என்றாள் சந்திரம்மாள்.

"அதை வெச்சுத்தான் ஆபரேஷனே. மாசாமாசம் வர்றவங்கன்னா கட்டி இருக்கிற பக்கத்தை மட்டும் எடுத்துட்டு மத்ததை விட்டுடலாம். நின்னு போனவங்கன்னா கதை வேற. அவங்களுக்குப் புத்துநோய் சந்தேகம் ஜாஸ்தி. ரத்த டெஸ்ட் ரிசல்ட்டையே வேற மாதிரிதான் பாப்போம். எல்லாத்தையும் எடுத்து, வயிறு தெறந்திருக்கும்போதே கட்டியை டெஸ்ட்டுக்கு அனுப்பிடுவோம். உங்களுக்குத்தான் ஒழுங்கா வருதே."

சந்திரம்மாள் கூரையைப் பார்த்தாள். இவர்கள் நாளைக்கு மாரிசெல்விக்குத்தான் ஆபரேஷன் செய்யப் போகிறார்கள், வயிறு மட்டும் தன்னுடையது என்று அவளுக்கு உறைத்தது. அந்தப் பெண்ணுக்குச் சரியானது தன்னைக் கொண்டுபோய்விடும். எட்டு மாதத்தில் அவளுக்கு முதல்முறையாக நிஜமாகவே பயம் வந்தது. செத்துப்போகிற பயம். நீலச் சட்டையும் ஜன்னல் ஓரமும் கண்முன்னே வந்தன. சந்திராக்கா என்ற அந்தச் சத்தமும் வந்தது. சொன்னால் அதெல்லாம் போச்சு.

டாக்டரம்மா வாசலை எட்டிவிட்டாள்.

"டாக்டர், ஒரு அம்பது போட்டுக்குங்க."

"என்னது அம்பது?"

"வயசு."

"கத்தரிக்காயா வாங்குறீங்க?"

"சரி, அம்பத்தஞ்சு. அதுக்கு மேல ஏறாது."

டாக்டரம்மா திரும்பி வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "எப்ப நின்னுச்சு?"

"என் பேரனுக்கு மொதப் பல்லு உழுந்த வருசம்."

"பேரனா? அவன் இப்ப என்ன பண்றான்?"

"காலேஜு. ரெண்டாவது வருசம்."

டாக்டரம்மா ஜன்னல் பக்கம் பார்த்தாள். "அப்ப நீங்க யாரு?"

செந்தமிழன் அம்மாவைப் பார்த்தான். "சொல்லித் தொலைடா" என்றாள் அவள்.

"பையன், மேடம்."

"இந்தத் தேதியெல்லாம் யாரோடது?"

"எங்க வூட்ல குடியிருக்கிற பொண்ணுது. நல்ல பொண்ணு டாக்டர்" என்றாள் சந்திரம்மாள்.

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. எட்டு மாதம் அநியாயமாகப் போயிருக்கிறது, உள்ளே என்ன இருக்கிறதோ யாருக்குத் தெரியும் என்று வார்டு முழுக்கக் கேட்கும்படி திட்டித் தீர்த்தாள். சந்திரம்மாள் அத்தனையும் வாங்கிக்கொண்டாள். முடிந்ததும், "கேஸ் ஷீட்டுல நெஜ வயசத்தான் எழுதுவீங்களா?" என்று கேட்டாள்.

"அதைத்தான் எழுத முடியும். உங்க கம்பெனிக்கு லீவு சர்ட்டிபிகேட்லயும் அதுதான் வரும்."

சந்திரம்மாள் வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டாள். பிறகு, "அறுவத்தொண்ணு. எழுதிக்குங்க" என்றாள்.

மறுநாள் மூன்றரை மணி நேரம் எடுத்தது. எல்லாவற்றையும் எடுத்தார்கள். கட்டி மட்டும் நாலே முக்கால் கிலோ. செந்தமிழன் பிறந்தபோது இருந்ததற்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு. வயிறு திறந்திருக்கும்போதே பரிசோதித்துப் பார்த்ததில் புற்றுநோய் இல்லை என்று வெளியே வந்து சொன்னாள் டாக்டரம்மா. அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டான்.

மயக்கம் தெளிகிற நேரத்தில் அவன்தான் தலைமாட்டில் இருந்தான். "அக்கா, கண்ணத் தொறக்கா. நல்லாகீறியா?" பழக்கதோஷம்.

சந்திரம்மாளின் நாக்கு கனத்துக் கிடந்தது. அதைப் புரட்டி எடுத்து, "யாருக்குடா அக்கா? அம்மான்னு கூப்புடுறா, பேமானி" என்றாள்.

மூன்றாம் நாள் பார்வையாளர் நேரத்தில் கண்ணப்பன் ஆப்பிள் பையோடு வந்தான். கட்டில் கால்மாட்டில் தொங்கிய அட்டையில் வயது எழுதியிருந்த இடத்தில் அவன் கண் நின்றது. ஐந்தை மூன்றாக்கிய அவன் கை ஆப்பிள் பையை இறுக்கிப் பிடித்தது. சர்ட்டிபிகேட் ஏற்கெனவே ஆபீசுக்குப் போயிருந்தது. வேலையைப் பற்றி அவனும் பேசவில்லை, அவளும் கேட்கவில்லை. கிளம்பும்போது, "ரெஸ்ட் எடுத்துக்குங்கம்மா. ஒடம்பப் பாத்துக்குங்கம்மா" என்றான்.

நாலு வருஷமாக அக்கா என்று கூப்பிட்டவன். அவ்வளவுதான், வேலை போய்விட்டது என்று சந்திரம்மாளுக்குப் புரிந்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் தையல் இழுத்தது. அழக்கூட வழியில்லாமல் தலையணை உறையைக் கடித்துக்கொண்டு கிடந்தாள்.

அந்த நேரம் பார்த்து, ஷிப்ட் முடிந்து அடையாள அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டபடியே மாரிசெல்வி ஓடிவந்தாள். டிபன் டப்பாவைக் கட்டில்மேல் வைத்தாள். இரைத்த மூச்சு அடங்குவதற்குள், எட்டு மாதப் பழக்கத்தில், அவள் வாயிலிருந்து முதலில் வந்தது இதுதான்.

"எக்கா, எனக்கு இன்னிக்கு வந்துட்டு."

சந்திரம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் அழுகையைவிடத் தையல் அதிகமாக இழுத்தது. வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் ஒழுக, "கிட்ட வாடி" என்றாள். "இன்னொரு தபா கூப்புடு."

"எக்கா" என்றாள் மாரிசெல்வி, ஒன்றும் புரியாமல்.